சாவி கையில் இருக்கிறது, கதவு திறக்கவில்லை!

சனிக்கிழமை மாலை. மணி ஆறு. மதுரை கீழமாசி வீதியில் சரக்கு ஏற்றும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பருப்பு, புளி, மிளகாய் என்று மூட்டை மூட்டையாக வந்து போகும் பெரிய கடை. கடையில் பத்து கம்ப்யூட்டர்கள். உள்ளறையில் இன்னொரு கம்ப்யூட்டர். அதற்குப் பெயர் 'சர்வர்.' கடையின் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமைக்குள் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் கட்டணமும் வட்டியும் உண்டு. புதிதாக வந்த கணக்குப்பிள்ளை 'வரி' என்ற போல்டரைத் திறக்கிறார். அது திறக்கவில்லை. "இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற பொருளில் திரையில் ஒரு வரி வருகிறது.

உடனே கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியைக் கூப்பிடுகிறார்கள். அவர்தான் 'அட்மினிஸ்ட்ரேட்டர்.' அதாவது, சர்வருக்கு நிர்வாகி. அவர் சர்வர் முன்னால் உட்கார்ந்து அதே போல்டரைத் திறக்கிறார். அவருக்கும் அதே பதில்!

முதலாளியின் முகம் சிவக்கிறது.

"என்ன தம்பி, நீதானே இதுக்கு நிர்வாகி? உனக்கே திறக்க மாட்டேங்குதா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. ஏதோ ஒரு பூட்டு மறிக்குது. எதுன்னு பார்த்துடுறேன்."

"பார்க்கிறது என்ன? எல்லாப் பூட்டையும் எடுத்துவிடு. எல்லாரும் நம்ம ஆளுகதானே!"

இந்தக் கடை கற்பனைதான். ஆனால், இந்தப் பேச்சு சர்வர் வைத்திருக்கும் எந்த அலுவலகத்திலும் கேட்கக் கூடியது. அண்ணாச்சி சொன்னபடி செய்யலாமா? தம்பி சொன்னபடி தேடலாமா? இந்தக் கேள்வியில் கடையின் பணம் மட்டும் அல்ல, நம் எல்லோருடைய தஸ்தாவேஜுகளும் அடங்கி இருக்கின்றன.

பாட்டியின் சாவிக்கொத்து

போல்டர் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு பீரோ. காகிதங்களைப் பீரோவில் அடுக்குவது போல, கணக்குகளையும் கடிதங்களையும் படங்களையும் போல்டரில் அடுக்குகிறார்கள்.

பெரிய வீடுகளில் பாட்டியின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அரிசி அறைக்கு ஒரு சாவி. நகைப் பெட்டிக்கு ஒரு சாவி. சமையல்காரரிடம் அரிசி அறைச் சாவியைக் கொடுப்பார் பாட்டி. நகைப் பெட்டிச் சாவியைக் கொடுக்க மாட்டார். சமையல்காரர் மேல் சந்தேகமா? இல்லை. அவருடைய வேலைக்கு அந்தச் சாவி வேண்டியது இல்லை. அவ்வளவுதான்.

சர்வரிலும் இதே முறைதான். ஒவ்வொரு போல்டருக்கும் ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று அதில் குறித்திருக்கும். கதவைத் தட்டும் ஆசாமி யார் என்று கம்ப்யூட்டர் பார்க்கிறது. பட்டியலைப் பார்க்கிறது. பிறகுதான் திறக்கிறது, அல்லது மறுக்கிறது.

அறுபது ஆண்டுக் கதை

இந்தப் பூட்டு எப்படிப் பிறந்தது?

1961-ம் ஆண்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில் ஒரு புதுமை நடந்தது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். அதன் தலைவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. பலர் புழங்கும் இடத்தில் அவரவர் பொருளைக் காப்பது எப்படி? இதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். இன்று நாம் சொல்லும் 'பாஸ்வேர்டு' அதுதான்.

1966-ல் அங்கே ஒரு விபரீதம் நடந்தது. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டு இருந்தார்கள். ஒருவர் எல்லோருக்கும் காட்ட வேண்டிய அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். இன்னொருவர் எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் அடங்கிய பட்டியலைத் திருத்தினார். திருத்தும்போது கம்ப்யூட்டர் தற்காலிகமாக எழுதிவைத்த இரண்டு தாள்களுக்கும் ஒரே பெயர். இரண்டும் இடம் மாறிவிட்டன. விளைவு? அதன் பிறகு உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாகப் பாஸ்வேர்டு பட்டியல் முழுவதும் கண் முன்னே வந்து நின்றது!

இதைச் செய்தது திருடன் அல்ல. வேலையில் கருத்தாக இருந்த நிர்வாகிகள்தான். எல்லாச் சாவியும் உள்ளவரின் சிறு தவறு பெரிய கதவைத் திறந்துவிடும் என்ற பாடத்தை அந்தச் சம்பவம் கற்றுக் கொடுத்தது.

1993-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 'விண்டோஸ் என்.டி.' என்ற அமைப்பை வெளியிட்டது. ஒவ்வொரு போல்டருக்கும் தனித்தனிப் பட்டியல் வைக்கும் முறை அதில் இருந்தது. இன்று ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் ஓடும் விண்டோஸ் சர்வர்கள் அதன் வழியில் வந்தவையே.

கோபுர வாசலும் உள் வாசலும்

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறோம். கோபுர வாசலில் நம்மை விட்டுவிடுகிறார்கள். அதனால் கருவறைக்குள் போய்விட முடியுமா? முடியாது. அங்கே வேறு வாசல், வேறு விதி.

சர்வருக்கும் இப்படி இரண்டு வாசல்கள் உண்டு. தன் மேஜையில் இருந்தபடி கம்பி வழியாகச் சர்வருக்குள் நுழைபவருக்கு முதலில் ஒரு வாசல். இதற்கு 'ஷேர் அனுமதி' என்று பெயர். அதைத் தாண்டினால் போல்டரின் சொந்தப் பட்டியல். இரண்டும் "சரி" என்றால்தான் வேலை நடக்கும். ஒன்று தாராளமாகவும் மற்றொன்று கண்டிப்பாகவும் இருந்தால், கண்டிப்பானதே செல்லும்.

"போல்டரைப் பார்க்க முடிகிறது, ஆனால், எழுதிச் சேமிக்க முடியவில்லை" என்று பலர் சொல்வது உண்டு. உள் வாசலில் எழுத அனுமதி இருக்கும். வெளி வாசலில் "படிக்க மட்டும்" என்று இருக்கும். விண்டோஸ் சர்வரில் புதிதாக ஒரு போல்டரைப் பகிரும்போது, தானாக அமையும் ஷேர் அனுமதி பெரும்பாலும் "படிக்க மட்டும்" என்பதே. இதை மறந்துவிட்டு உள் வாசலையே மணிக்கணக்கில் தட்டிக்கொண்டு இருப்பார்கள்.

சர்வர் முன்னால் நேராக உட்காருபவருக்கு வெளி வாசல் இல்லை. அவர் ஏற்கனவே பிராகாரத்துக்குள் இருக்கிறார். ஆகவே, சர்வர் முன்னால் திறந்து, மேஜையில் திறக்காவிட்டால், சந்தேகப்பட வேண்டியது வெளி வாசலைத்தான். சர்வர் முன்னாலும் திறக்காவிட்டால் கோளாறு உள் வாசலில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

நிர்வாகிக்கே ஏன் மறுப்பு?

இதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதல் காரணம், கம்ப்யூட்டரின் முன்ஜாக்கிரதை. 2007-ல் பொது விற்பனைக்கு வந்த 'விண்டோஸ் விஸ்டா'வில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். பின்னால் வந்த சர்வர்களிலும் அது உண்டு. நிர்வாகி உள்ளே நுழையும்போது கம்ப்யூட்டர் அவருக்கு இரண்டு அடையாளச் சீட்டுகளைத் தயார் செய்கிறது. ஒன்று சாதாரணச் சீட்டு. மற்றொன்று முழு அதிகாரச் சீட்டு. அன்றாட வேலைக்குச் சாதாரணச் சீட்டையே கொடுக்கிறது. முழு அதிகாரச் சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நிர்வாகி தெரியாமல் ஒரு விஷ நிரலைத் திறந்துவிட்டாலும், அது உடனே முழு அதிகாரத்தோடு ஆடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சர்வரோடு பிறந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற ஆதிக் கணக்குக்கு மட்டும் வழக்கமாக இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்த நிலையில் போல்டரைத் திறந்தால், "தொடரவா?" என்று திரை கேட்கும். பலர் யோசிக்காமல் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். கதவும் திறந்துவிடும். ஆனால், அந்த நிர்வாகியின் சொந்தப் பெயர் அந்தப் பட்டியலில் நிரந்தரமாக ஏறிவிடுகிறது! நாளை அவர் நிர்வாகி பதவியில் இல்லாவிட்டாலும், அந்தக் கணக்கு இருக்கும்வரை அனுமதியும் இருக்கும். வேலையை விட்டவர் சாவியைக் கொண்டுபோனது போலத்தான்.

இரண்டாவது காரணம், "மறுப்பு" என்ற கடும் பூட்டு. பட்டியலில் அனுமதி கொடுக்கலாம். மறுப்பும் எழுதலாம். ஒரே போல்டரில் ஒருவருக்கு நேராக அனுமதியும் நேராக மறுப்பும் இருந்தால் மறுப்பே வெல்லும். யாரோ ஒருவர், வெளியார் வரக் கூடாது என்று நினைத்து, "எல்லோருக்கும் மறுப்பு" என்று எழுதிவிடுவார். எல்லோரும் என்றால் நிர்வாகியும் அதில் அடக்கம்தானே! எழுதியவரும் அடக்கம்தானே! பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலே அனுமதி கிடையாது. ஆகவே மறுப்பு எழுத வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

மூன்றாவது காரணம், போல்டரை உண்டாக்கியவர் தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கியிருப்பது. மேல் போல்டரின் அனுமதி கீழே உள்ளவற்றுக்கும் இறங்கி வருவது வழக்கம். தகப்பன் சொத்து பிள்ளைக்கு வருவது போல. அந்தத் தொடர்பை ஒருவர் வெட்டிவிட்டால், நிர்வாகியின் பெயரும் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

பெயர் ஒன்று, எண் வேறு

கம்ப்யூட்டர் மனிதர்களைப் பெயரால் நினைவு வைப்பது இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீண்ட எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. கணக்கை அழித்துவிட்டால் பெயர் மறைந்துவிடும். பட்டியலில் "எஸ்-1-5-21" என்று தொடங்கும் எண் மட்டும் அநாதையாக நிற்கும்.

அதே பெயரில் மறுபடி ஒரு கணக்குத் தொடங்கினால் சரியாகிவிடுமா? ஆகாது. புதுக் கணக்குக்குப் புது எண். நமக்கு அதே ஆள். கம்ப்யூட்டருக்கு வேறு ஆள்.

தம்பி என்ன செய்தார்?

நம் கற்பனைக் கடைக்குத் திரும்புவோம்.

தம்பி முதலில் யாருக்குத் திறக்கவில்லை, எங்கிருந்து திறக்கவில்லை என்று விசாரித்தார். மேஜையிலும் திறக்கவில்லை; சர்வர் முன்னாலும் திறக்கவில்லை. ஆகவே உள் வாசலில்தான் கோளாறு. முழு அதிகாரச் சீட்டை வாங்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் மறுப்பு. பட்டியலைக் கூடக் காட்ட மறுத்தது கம்ப்யூட்டர்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே நிர்வாகிக்கு ஒரு தனி உரிமை உண்டு. போல்டரின் 'சொந்தக்காரர்' என்ற இடத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். சொந்தக்காரராகிவிட்டால் பட்டியலைப் பார்க்கலாம், திருத்தலாம். இது பூட்டை உடைப்பது அல்ல. சட்டப்படி புதுச் சாவி செய்வது.

ஆனால், இதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சொந்தக்காரரை மாற்றும்போது, "பழைய பட்டியலை எடுத்துவிட்டு உங்களுக்கு மட்டும் முழு அனுமதி தரலாமா?" என்று கம்ப்யூட்டர் சில சமயம் கேட்கும். "சரி" என்றால் அதுவரை அனுமதி இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். தம்பி அந்தத் தவறைச் செய்யவில்லை. முதலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கினார். சொந்தக்காரரை மட்டும் மாற்றினார். பிறகு அப்போதிருந்த பட்டியலைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டார். விண்டோஸில் இதற்கு 'ஐகாக்ல்ஸ்' என்ற கருவி உண்டு. திருத்தம் தவறிப்போனால் பழையபடி வைக்க இது உதவும்.

பட்டியலில் இருந்தது ஒரே ஒரு வரி. அதுவும் பெயர் இல்லாத எண்! சென்ற மாதம் ஓய்வு பெற்ற பழைய கணக்குப்பிள்ளையின் எண் அது. அவர் கெட்ட எண்ணத்தோடு பூட்டவில்லை. வரிக் கணக்கை யாரும் கலைத்துவிடக் கூடாது என்று, தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பெயர்களை எடுத்துவிட்டார். அவர் போனதும் அவருடைய கணக்கை அழித்தார்கள். கதவு இருந்தது, சாவிக்கு உரியவர் யாரும் இல்லை.

தம்பி 'கணக்கு' என்று ஒரு குழு ஏற்படுத்தினார். அந்தக் குழுவுக்குப் போல்டரில் அனுமதி கொடுத்தார். புதுக் கணக்குப்பிள்ளையைக் குழுவில் சேர்த்தார். நாளை ஆள் மாறினாலும் போல்டரைத் தொட வேண்டாம். குழுவில் பெயரை மாற்றினால் போதும்.

கணக்குப்பிள்ளை மறுபடி திறந்து பார்த்தார். அப்போதும் திறக்கவில்லை! முதலாளி மீண்டும் எழுந்துவிட்டார்.

"ஐயா, ஒரு தடவை வெளியே வந்துட்டு, திரும்பப் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போங்க" என்றார் தம்பி.

யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை, உள்ளே நுழையும் அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் சீட்டில் எழுதிக் கொடுக்கிறது. பழைய சீட்டில் புதுக் குழு இருக்காது. கணக்குப்பிள்ளை வெளியே வந்து மறுபடி நுழைந்தார். போல்டர் திறந்தது. அப்போது மணி ஏழரை.

எல்லாப் பூட்டையும் எடுத்திருந்தால்?

"எல்லோருக்கும் முழு அனுமதி" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். உண்மைதான். ஆனால், அதன் பிறகு?

பணம் பறிக்கும் விஷ நிரல்கள் இன்று உலகம் முழுவதும் சுற்றுகின்றன. ஒருவருடைய கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று புகுந்தால், அவருக்கு எழுத அனுமதி உள்ள போல்டர்களை எல்லாம் அது பூட்டிவிடும். பிறகு, திறக்கப் பணம் கேட்கும். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் இருந்தால், சரக்கு அறைப் பையன் தவறித் திறந்த ஒரு கடிதம் கடை முழுவதையும் முடக்கிவிடும்.

மதுரைக்காரர்களுக்கு எய்ம்ஸ் என்ற பெயர் புதிது அல்ல. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு மூத்ததான டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23-ந் தேதி சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் பதிவு நின்றது. டாக்டர்களும் ஊழியர்களும் பல நாட்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டர் இணைப்புகளைச் சரியாகப் பிரித்து வைக்காததே தாக்குதலுக்கு இடம் கொடுத்தது என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அங்கே குறை போல்டர் பட்டியலில் என்று சொல்லவில்லை. ஆனால், பாடம் ஒன்றுதான். உள்சுவர் இல்லாத வீட்டில் ஓர் அறையில் பிடித்த தீ எல்லா அறைக்கும் போகும்.

உங்கள் காகிதமும் அங்கேதான்

"கடைக்காரர் கவலை நமக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம்.

2001-ம் ஆண்டிலேயே மேலூர் வட்டாரக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும், பாஸ்வேர்டு கதை நடந்த அதே எம்.ஐ.டி.யும் கை கோத்த திட்டம் அது. கிராமத்தில் எடுத்த கண் படம் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனது. கிராமத்து மனு தாலுகா ஆபீசுக்குப் போனது. சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. ஆனால், அன்று தொடங்கிய பழக்கம் நிற்கவில்லை. இன்று உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் வாடிப்பட்டியிலும் மக்கள் இ-சேவை மையத்தில்தான் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டியதை அவர் பார்க்கிறார். வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டியதை அவர் பார்க்கிறார். தாசில்தார் செய்ய வேண்டியதைத் தாசில்தார்தான் செய்ய முடியும். இதுவும் அனுமதிப் பட்டியல்தான்.

நம் வருமானம், நம் நிலம், நம் பிள்ளைகளின் மார்க்கு, நம் நோய் எல்லாம் இன்று ஏதோ ஒரு சர்வரில், ஏதோ ஒரு போல்டரில் இருக்கின்றன. 2023-ல் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தகவலைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால், 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஆகவே, ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ, "கொஞ்சம் இருங்கள், எனக்கு இதைத் திறக்க அனுமதி இல்லை. உரியவரைக் கேட்கிறேன்" என்று ஒரு குமாஸ்தா சொன்னால் உடனே கோபப்பட வேண்டாம். அந்தப் பூட்டு உங்கள் காகிதத்தையும் சேர்த்துத்தான் காக்கிறது.

நம் கற்பனைக் கடையில் அன்று இரவே கணக்கு முடிந்தது. முதலாளி தம்பிக்கு டீ வரவழைத்தார்.

"எல்லாம் சரி தம்பி. எனக்கும் அந்த வரி போல்டர்ல அனுமதி இருக்குல்ல?"

"உங்களுக்குப் படிக்க அனுமதி கொடுத்திருக்கேன் அண்ணாச்சி. அழிக்க மட்டும் கொடுக்கலை."

முதலாளி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அதுவும் சரிதான்" என்றார்.